மாப்பிள்ளை கொண்டுவந்த மஞ்சள் டர்பைன்

பெட்டியைத் திறந்ததும் பொம்மை ரயில் இன்ஜினைத் தூக்கி மோந்து பார்த்தேன். புதுப் பெயின்ட் வாசனை, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற என் மனைவி, "ஏங்க, அது என்ன பூரான் மாதிரி இவ்வளவு நீளம்?" என்றாள். மூன்று துண்டுகளையும் கோத்து மேசையில் வைத்தால் 62 சென்டிமீட்டர். இரண்டடிக்குக் கொஞ்சம் கூடவே வருகிறது.

நான் பொன்மலை டீசல் ஷெட்டில் 31 வருஷம் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி டர்போ செக்‌ஷனில் போனது. ஓய்வுபெற்றபின் நீடாமங்கலத்தில் பூர்வீக வீட்டுக்கே வந்துவிட்டேன். நெல் போட்டுவைக்கிற பின்கட்டு அறையில், பழைய கட்டில் பலகைமேல் குட்டி ரயில் பாதை ஒன்று போட்டிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை தீபாவளிக்கு வந்தபோது இந்த இன்ஜினை வாங்கிவந்தார். விலை கேட்டால் சிரித்தார். ரசீதை மகள்தான் எடுத்துக் காட்டினாள். நம் பணத்தில் 60,000 ரூபாயைத் தாண்டுகிறது. "ஒரு கறவை மாடு கட்டியிருக்கலாம்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. செய்த கம்பெனியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. குறை சொல்லப்போகிறேன், மாப்பிள்ளையோ அங்கே வாடிக்கையாளர்.

பொம்மையைப் பற்றிச் சொல்லுமுன் அசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் 60,000 ரூபாய்க்கு நான் எதைத் தட்டிப் பார்க்கிறேன் என்பது விளங்காது.

யூனியன் பசிஃபிக் என்கிற அமெரிக்க ரயில்வே, டீசல் இன்ஜின் வந்து நிலைத்துக்கொண்டிருந்த காலத்தில், டீசலோடு சேர்த்து கேஸ் டர்பைன் இன்ஜின்களையும் சரக்கு வண்டிக்குப் போட்டுப் பார்த்தது. சோதனைக்கு ஒன்று இரண்டு வாங்கி மூலையில் தள்ளிய கதை இல்லை. மொத்தம் 55 வாங்கினார்கள். 1952-லிருந்து 4,500 ஹெச்.பி. இன்ஜின்கள் 25 வந்தன. 1958-லிருந்து 1961-க்குள் 8,500 ஹெச்.பி.யில் 30 வந்தன. நான் வைத்திருப்பது இந்த இரண்டாவது ரகத்தின் மாடல். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: நம்ம ஊர்ப் பாதையில் வெகுகாலம் உழைத்த டபிள்யூ.டி.எம்-2 டீசல் 2,600 ஹெச்.பி. அதாவது மூன்று டபிள்யூ.டி.எம்-2 ஒன்றாகச் சேர்ந்தாலும் இதற்குக் கொஞ்சம் குறைவுதான்.

எனக்கு இதில் ஒரு சொந்தபந்தம் உண்டு. இந்த 55-க்கும் முன்னோடியாக 1948-ல் வந்த சோதனை இன்ஜினைக் கட்டியது ஆல்கோ, ஜெனரல் எலக்ட்ரிக் என்கிற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து. அதே ஆல்கோவின் வடிவத்தில் வந்த இன்ஜின்களைக் கழற்றி மாட்டித்தான் நான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். இன்னொன்றும் உண்டு. டர்போ செக்‌ஷனில் இருந்தவனுக்கு கேஸ் டர்பைன் புது விஷயமே இல்லை. டீசல் இன்ஜினின் டர்போ என்பதே ஒரு சின்ன கேஸ் டர்பைன்தான். சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகை ஒரு பக்கத்து பிளேடுச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும். இப்போது பிஸ்டன், கிராங்க், சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, நடுவில் ஒரு எரி அறையை மட்டும் வைத்து, டர்போவை யானை அளவுக்கு வளர்த்துக்கொள்ளுங்கள். அது சுற்றும் தண்டில் ஜெனரேட்டரை மாட்டி, அந்த மின்சாரத்தைச் சக்கர அச்சுகளோடு சேர்ந்திருக்கும் மோட்டார்களுக்குக் கொடுத்தால் முடிந்தது, அதுதான் இந்த மஞ்சள் பூரான்.

சரி, பொம்மைக்கு வருவோம்.

உடல்வேலை அருமை. மஞ்சளும் சாம்பலும் சந்திக்கும் இடத்தில் ஓடும் சிவப்புக் கோடு, மூன்று துண்டிலும் ஒரே உயரத்தில் போகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பிசிறு இல்லை. முதல் துண்டில் டிரைவர் அறையும் 850 ஹெச்.பி. சின்ன டீசல் ஒன்றும் இருக்கும். இரண்டாவது துண்டில் டர்பைன். மூன்றாவது டெண்டர், அதாவது எண்ணெய்த் தொட்டி வண்டி. முதல் இரண்டு துண்டிலும் சேர்த்து 12 அச்சு, அசலில் 12-க்கும் மோட்டார் உண்டு. பொம்மையிலும் அந்த 12 அச்சும் இழுக்கின்றன. 40 சரக்கு வேகன் கோத்துப் பார்க்க ஆசைதான், என்னிடம் இருப்பது 14. அதை இழுப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கைப்பிடிக் கம்பி ஒன்று பெட்டிக்குள்ளேயே உடைந்து கிடந்தது. ஊதுபத்திக் குச்சியைச் சீவி, மஞ்சள் தடவி ஒட்டிவிட்டேன். நீங்களே வந்து பார்த்தாலும் எதுவென்று கண்டுபிடிக்க முடியாது.

டெண்டரைக் கவனித்துச் செய்திருக்கிறார்கள். அசலில் அது நீராவி இன்ஜின்களை உடைத்தபோது மிஞ்சிய டெண்டர். சுமார் 90,000 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். அந்த எண்ணெய் டீசல் இல்லை, பங்கர் சி என்கிற அடிவண்டல். சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்தபிறகு மிச்சம் நிற்கிற கறுப்புக் குழம்பு. நம் பக்கத்து பாய்லர்காரர்கள் ஃபர்னஸ் ஆயில் என்பார்களே, அந்த ஜாதி. ஆறினால் வெல்லப்பாகு மாதிரி இறுகும். அதனால் டெண்டருக்குள்ளேயே சூடேற்றி, ஏறக்குறைய கொதிக்கும் தண்ணீர்ப் பதத்துக்குக் கொண்டுவந்துதான் டர்பைனுக்கு அனுப்புவார்கள். டீசலைவிட டர்பைன் அதிகம் குடிக்கும் என்று அந்த ரயில்வேக்கு முதல் நாளே தெரியும். குடிப்பது சீந்துவாரற்ற வண்டல் என்பதால் கணக்கு கட்டுப்படியானது. பொம்மை டெண்டரின் பக்கவாட்டில் அந்தச் சூட்டுக் குழாய்களையெல்லாம் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மட்டும் கொடுத்த காசு தகும்.

அடுத்தது சத்தம். இதற்காகத்தான் மாப்பிள்ளை இவ்வளவு செலவழித்தார்.

கன்ட்ரோலரில் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் டர்பைன் உடனே எழாது. முதலில் அந்தச் சின்ன டீசல் கடகடவென்று பிடிக்கிறது. அது நிதானத்துக்கு வந்தபிறகுதான் பின்துண்டிலிருந்து ஒரு ஊளை மெல்லக் கிளம்புகிறது. அசலில் நடந்தது அப்படியே. பெரிய டர்பைன் தானாகக் கிளம்ப முடியாது, சின்ன டீசல் கரெண்டு கொடுத்து அதைச் சுழற்றிவிட வேண்டும். முதலில் சாதாரண டீசல் எண்ணெயில் பற்றவைத்து, சூடான பிறகுதான் பங்கர் சி-க்கு மாற்றுவார்கள். பொம்மையில் அந்த மாற்றம் வரும் இடத்தில் சத்தம் ஒரு நொடி கனத்து இறங்குகிறது. அதைச் செய்தவன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பகோணம் டிகிரி காபி வாங்கிக் கொடுக்க வேண்டும். யார்டுக்குள் தனி இன்ஜினாக நகர்வதற்கும் அந்தச் சின்ன டீசலையே பயன்படுத்தினார்கள். பொம்மையில் அதற்கும் தனிப் பொத்தான் இருக்கிறது. டீசலுக்குப் போட்டியாக வந்த பெரிய மனிதர், படுக்கையை விட்டு எழவே ஒரு டீசலின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஷெட்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒரு வாரம் சிரிப்பார்கள்.

ஓடும்போது வரும் ஊளை நன்றாக இருக்கிறது. அசலுக்கு அமெரிக்கர்கள் வைத்த பட்டப்பெயரே 'பெரிய ஊதல்' என்ற பொருளில்தான். கூரைவழியே வெளியேறும் அனலைப் பார்த்து 'பறவை பொசுக்கி' என்றும் சொன்னார்கள். சத்தம் தாங்காமல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இவற்றை வேண்டாம் என்றது. எங்கள் வீட்டிலும் சாயங்காலம் 6 மணிக்கு மேல் அதே தடை அமலில் இருக்கிறது.

இங்கேதான் என் முதல் குறை. ஆல்கோ டர்போவை ஓவர்ஹால் பண்ணி மாட்டிய பிறகு, இன்ஜினை ஓட்டி நிறுத்திவிட்டு, டர்போ சுற்றி நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். பேரிங் நன்றாக இருந்தால் இன்ஜின் அடங்கிய பிறகும் அது தனியாக நெடுநேரம் பாடிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்றால் உள்ளே ஏதோ உரசுகிறது என்று அர்த்தம். பழக்கதோஷம், பொம்மையையும் நிறுத்திவிட்டு ஹெச்.எம்.டி. வாட்சைப் பார்த்தேன். 5 விநாடி! 5 விநாடியில் 8,500 ஹெச்.பி. டர்பைன் நின்றுவிட்டதாம். எங்கள் ஷெட்டாக இருந்தால் மறுபடி கழற்றச் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். த்ராட்டிலை முழுக்கக் குறைத்து வண்டியை நிறுத்தினால், டர்பைன் சத்தம் பூனை தூங்குகிற மாதிரி அடங்கிப்போகிறது. இது டீசலின் சுபாவம். டீசலில் த்ராட்டிலின் உச்சப் படியான 8-வது நாட்சிலிருந்து இறக்கி ஐடிலில் வைத்தால், கொஞ்சமாக எண்ணெய் தெளித்துக்கொண்டு சும்மா உறுமும். டர்பைனால் அது முடியாது. அது உண்டாக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, காற்றை இழுத்து அழுத்தும் தன் சொந்தக் கம்ப்ரஸரைச் சுற்றவே போய்விடும். கம்ப்ரஸர் தளர்ந்தால் தீயே நிற்காது. ஆகவே வண்டி நகர்ந்தாலும் நகராவிட்டாலும் அது சுற்றிக்கொண்டே, ஊளையிட்டுக்கொண்டே, குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரயில் இன்ஜினின் வாழ்க்கையில் பாதி நிற்பதுதான் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நீடாமங்கலத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 2011-ல் மன்னார்குடிக்கு மறுபடி ரயில் வந்த பிறகு, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிக்கு இங்கே இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். டீசல் ஓடிய காலத்தில் கேட் மூடிக்கிடக்க, இந்தப் பக்கம் நாகப்பட்டினம் பஸ், அந்தப் பக்கம் வைக்கோல் லாரி, நடுவில் இன்ஜின் நின்று உறுமும். கிராஸிங்குக்கு நிற்கும், சிக்னலுக்கு நிற்கும், லோடு ஏறும்வரை நிற்கும். நின்ற இடத்திலேயே ஒரு பெரிய டீசல் மணிக்கு 25 லிட்டர் குடிக்கும். அதையே குறைக்க வேண்டும் என்று பின்னாளில் நம் ரயில்வே டீசல் இன்ஜின்களில் தனியாக ஒரு குட்டி இன்ஜினை வைத்து, மணிக்கு 3 லிட்டருக்குக் கொண்டுவந்தது. 25 லிட்டருக்கே இவ்வளவு கவலை என்றால், நின்றாலும் அடங்காத டர்பைனை வைத்துக்கொண்டு எங்கே போவது?

ஆகவே அந்த அமெரிக்கர்கள் செய்தது ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநில மேடுகளில் மணிக்கணக்கில் நிற்காமல், முழு பாரத்தோடு ஏறும் நீளமான சரக்கு வண்டிக்குத்தான் இவற்றைப் போட்டார்கள். டர்பைனுக்குப் பிடித்த வேலை அது ஒன்றே. நிற்பதும் கிளம்புவதுமான வண்டிகளை டீசலுக்கு விட்டார்கள். அப்படிப் பிரித்துக் கொடுத்தவரை இரண்டும் ஒரே பாதையில் பிழைத்தன.

எண்ணெய்தான் காலை வாரியது. அடிவண்டலையும் உடைத்து வேறு சரக்காக மாற்ற ஆலைகள் கற்றுக்கொண்டதும் வண்டல் விலை ஏறிவிட்டது. வண்டலில் இருந்த அழுக்கு பிளேடை அரித்ததும் ஒரு தொல்லை. மாற்றுவழியும் தேடினார்கள். 1953-ல் ஒரு இன்ஜினை நம் வீட்டு சிலிண்டர் கேஸ் மாதிரியான புரொப்பேனில் ஓட்டினார்கள். சுத்தமாக எரிந்தது, ஆனால் அதை ஏற்றி இறக்குவதே பெரும்பாடு. 1962-ல் நிலக்கரியை மாவாக அரைத்து ஊதி எரித்தார்கள். சாம்பல் பிளேடைச் சுரண்டித் தின்றுவிட்டது, உப்புத்தாள் தேய்த்த மாதிரி. டர்போ செக்‌ஷனில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போம்.

1969 டிசம்பர் 26-ல் கடைசி டர்பைன் ஓடி நின்றது. அந்த வருஷமே 6,600 ஹெச்.பி.யில், ஒரே உடம்புக்குள் இரண்டு டீசல் வைத்த இன்ஜின் வந்துவிட்டது. பழைய டர்பைன்களின் போகிகளை, அதாவது சக்கரங்கள் மாட்டிய அடிச்சட்டங்களை, கழற்றி வேறு புது டீசல்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எந்த நாட்டு ஷெட்டாக இருந்தாலும் நல்ல போகியைத் தூக்கி எறிய மனசு வராது. இரண்டு டர்பைன்கள் இன்னும் மியூசியத்தில் நிற்கின்றன. ஒன்று இல்லினாய்ஸில், மற்றது யூட்டாவின் ஆக்டன் ஸ்டேஷனில். மாப்பிள்ளை ஆக்டனுக்குப் போய் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினார். அவர் தலை சக்கரத்துக்குக் கொஞ்சம் மேலே தெரிகிறது.

மற்ற நாடுகளும் தொட்டுப் பார்த்தவைதான். சுவிட்சர்லாந்து 1941-லேயே ஒன்றை ஓட்டியது. பிரான்ஸின் அதிவேக ரயிலான டி.ஜி.வி.யின் முதல் வண்டி 1972-ல் டர்பைனில்தான் 318 கிலோமீட்டர் வேகம் தொட்டது. மறுவருஷம் எண்ணெய் நெருக்கடி வந்ததும் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டார்கள். ரஷ்யாக்காரர்கள் மட்டும் விடவில்லை. திரவமாக்கிய இயற்கை வாயுவில் ஓடும் டர்பைன் இன்ஜின் ஒன்றை வைத்து 2009-ல் 15,000 டன் வண்டியை இழுத்துக் காட்டினார்கள்.

என் மைத்துனர் கோவில்களப்பால் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். மன்னார்குடிக்குத் தெற்கே, வயலுக்கு நடுவில், நம் டெல்டாவின் கிணறுகளிலிருந்தே வரும் வாயுவை எரித்து ஓடுகிறது அங்கே ஒரு கேஸ் டர்பைன். பொம்மையைப் பார்க்க வந்தவர், அடங்கிப்போகும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அத்தான், எங்க மெஷினை இப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் ஏத்தி இறக்கினா நாங்க வேலையை விட்டுப் போயிருப்போம்" என்றார். கிளப்பினால் கிளப்பியபடி ஒரே சீராக ஓடவிடுவார்களாம். வெளியேறும் அனலையும் வீணாக்காமல் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியில் இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 108 மெகாவாட். 8,500 ஹெச்.பி. என்பது 6 மெகாவாட் சொச்சம்தான். இன்ஜினில் அந்த அனலை வைத்துக்கொள்ள எங்கே இடம்? கூரைவழியே வானத்துக்குப் போனது. அதில்தான் பறவை பொசுங்கியது.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை.

கன்ட்ரோலரின் அடாப்டர் அமெரிக்கச் சரக்கு, 120 வோல்ட். 31 வருஷம் ஷெட்டில் இருந்தவன், பிளக்கின் முதுகில் எழுதியிருப்பதைப் படிக்காமல் நம் வீட்டு 230-ல் சொருகினேன். ஒரு சின்னப் புகை, அப்புறம் மௌனம். பேரன் மட்டும், "தாத்தா, டர்பைன் ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்றான். மன்னார்குடி பந்தலடிப் பக்கம் ரேடியோ பழுதுபார்க்கும் ஒரு தம்பி, பழைய லேப்டாப் சார்ஜரை வைத்து 350 ரூபாயில் சரிபண்ணிக் கொடுத்தார். "சார், ரிட்டையர்டு ரயில்வேயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எலக்ட்ரிக்கலா?" என்றார். மெக்கானிக்கல் என்று சொல்லித் தப்பித்தேன். நல்லவேளையாக இன்ஜினுக்குள் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது வளைவு. பெட்டியில் குறைந்தபட்சம் 22 அங்குல ஆரம் என்று போட்டிருக்கிறது. விளம்பரத்துக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து என் 18 அங்குல வளைவில் விட்டேன். முதல் துண்டு திரும்பியது, டர்பைன் துண்டு யோசித்தது, டெண்டர் படுத்துவிட்டது. சொன்னதைச் சொன்னபடி நம்புங்கள். 22 அங்குல ஆரத்துக்குப் பலகை 4 அடி அகலம் வேண்டும். என் கட்டில் பலகை மூன்றரை. இப்போதைக்கு நேர்ப்பாதையில் முன்னும் பின்னுமாக 7 அடிதான் ஓட்டுகிறேன். வயோமிங் மேட்டை ஏறவேண்டிய ஆள், நீடாமங்கலம் கேட்டில் இன்ஜின் மாற்றுகிற மாதிரி போய்வந்துகொண்டிருக்கிறார்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மாப்பிள்ளை கேட்டார். உடலுக்கு 5, ஸ்டார்ட் ஆகும் சத்தத்துக்கு 5, நிற்கும் சத்தத்துக்கு 1. கூட்டி வகுப்பதை அவரே செய்துகொள்ளட்டும். மென்பொருளை மாற்றி ஐடில் சத்தத்தை ஏற்றலாமாம், அடுத்த லீவில் லேப்டாப்போடு வருகிறேன் என்கிறார். நின்று சுற்றும் நேரத்தை 5 விநாடியிலிருந்து ஒன்றிரண்டு நிமிஷமாவது ஆக்கச் சொல்லியிருக்கிறேன்.

பலகையை அகலப்படுத்த அரையடி போதும். அந்த அரையடியில்தான் சிக்கல். தை பிறந்ததும் சம்பா நெல் 18 மூட்டை அதே அறைக்கு வரும். போகிப் பண்டிகைக்குள் பாதையை மடக்கிவிட வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் 4 அடிப் பலகையில் பாதை போட்டிருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மூன்று துண்டையும் துண்டில் சுற்றி பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிடுவேன். அடாப்டரையும் நானே எடுத்துவருகிறேன்.